ஊசிக்கு ஒரு மனு

மனு எழுதிக் குடுத்துட்டயா கண்ணு? அப்பச் சித்த உக்காரு. உள்ள பாக்க உடறதுக்கு எப்படியும் பதினோரு மணி ஆயிரும். மொதத் தடவையா வர்றே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அந்த முந்தானைய மூஞ்சிலிருந்து எடுத்துரு அம்மிணி. ஜெயிலு வாசல்ல இந்தக் கொட்டாய்க்குள்ள ஒருத்தர ஒருத்தர் கேலி பேசறதுக்கு ஆளில்ல. எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்கதான்.

நானு மூணே முக்கா வருசமா வர்றேன். மாசம் ரெண்டு தரம். எங்கூரு காங்கயம் பக்கம். மொத பஸ்ஸு ஏறுனா ஒம்போதுக்கு இங்க வந்து சேருவேன். உன்ற ஊட்டுக்காரருக்கு என்ன கேசு? அடிதடியா? அட, அதுக்கா இப்படிக் கண்ணத் தொடைக்கிறே! அடிதடின்னா நிமுந்து உக்காரு சாமி. நாளைக்கு வெளிய வந்தா ஊர்ல நாலு பேரு வணக்கம் வெப்பாங்க. எங்களுது அப்படியில்ல. எங்களுது போக்சோ.

பாத்தயா, ஒதுங்கறே. ஒதுங்கிக்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். போன மாசம் ஒருத்தி இதே பெஞ்சுல உக்காந்திருந்தா. அவ புருசன் ரெண்டு பேர வெட்டிச் சாச்சவன். அவகூட நான் சொன்னதும் பைய எடுத்துட்டு அந்தக் கடேசிக்குப் போயிட்டா. கொலகாரன் பொண்டாட்டிக்கே நாங்க எளப்பம் ஆயிட்டோம். நீ போகலயா? சரி, நல்ல புள்ள.

என்ற பையன் பேரு லோகநாதன். லோகும்போம். ஒத்தப் பையன். தறிப்பட்டறையில மேஸ்திரியா இருந்தான். அங்க தறி ஓட்ட வந்த குடும்பத்துல ஒரு புள்ள. பள்ளிக்கூடம் போற புள்ள. அதுக்கு மேல என்னையக் கேக்காத. கோர்ட்டுல நாளு பூராவும் அதையேதான் பேசுனாங்க. நான் வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்துக்கிட்டேன். கடேசில இருவது வருசம்னு சொல்லிட்டாங்க. இருவது வருசம் கண்ணு! எனக்கு இப்பவே அறுவத்திநாலு. அவன் வந்து கொள்ளி வெக்கறதுக்கு நான் இருக்கோணுமா வேண்டாமா?

அவன் கெட்டவன் இல்ல. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? அது ஒரு சீக்கு. ஒடம்புச் சூடு. சின்னதுலிருந்தே அவனுக்குச் சூட்டு ஒடம்புதான். புதன், சனி ரெண்டு நாளும் எண்ணெ தேச்சு உடுவேன். வெந்தயம் ஊற வெச்சுக் குடுப்பேன். சோத்துக் கத்தாழையக் கழுவிக் கழுவி மோருல போட்டுக் குடுப்பேன். எதுக்கும் அடங்குல. அப்பறம் காலா காலத்துல ஒரு கால்கட்டப் போட்டேன். கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் போயிருமின்னு ஊரே சொல்லுது, நான் மட்டும் என்ன புதுசாவா பண்ணுனேன்? மேனகான்னு, தாராபுரத்துப் பொண்ணு. ஒரு பேத்தி, தாரணி. ஒம்போது வயசாகுது.

இந்தக் கேசுக்கு முன்னாடி அவன் ஏதாச்சும் பண்ணுனானான்னு எல்லாரும் கேக்கறாங்க. போலீசும் கேட்டுச்சு, வக்கீலும் கேட்டாரு. ஒண்ணும் இல்லீங்கன்னேன். ஊட்டுக்குள்ள நடக்கறது ஊட்டோட. அத உடு.

தீர்ப்பு வந்து நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு நா டிவியில பேசிக்கிட்டிருந்தாங்க. எந்தெந்த நாட்லயோ இந்த மாதிரிக் கேசுக்குக் கோர்ட்டே வைத்தியம் பண்ணச் சொல்லி உத்தரவு போடுதாமா. ஊசி. மாசத்துக்கு ஒண்ணோ மூணு மாசத்துக்கு ஒண்ணோ. அதப் போட்டா அந்த நெனப்பே வராதாமா. சில ஊர்ல ஊசி போட்டுக்கறேன்னு எழுதிக் குடுத்தா சீக்கிரமா வெளிய உடறாங்களாமா. அடுப்புல பாலு பொங்கி ஊத்துது, நான் எந்திரிக்கவே இல்ல.

டிவியில உக்காந்திருந்த ஆளுங்க கோவமாத்தான் பேசுனாங்க. இங்கயும் கொண்டாரோணும், இவனுங்கள உடக் கூடாதுன்னு ஒருத்தரு மேசையத் தட்டுனாரு. அவங்க தண்டனைன்னு சொன்னது என்ற காதுல மருந்துன்னு உழுந்துச்சு. ஒரு டாக்டரம்மா மட்டும் மெதுவாச் சொல்லுச்சு. ஊசிய நிறுத்துனா பழையபடி ஆயிரும், இது ஒடம்புல மட்டும் இருக்கற சங்கதி இல்ல, மனசுக்கும் வைத்தியம் பாக்கோணும், எலும்பு தேஞ்சு போகும், அப்படி இப்படின்னுச்சு. எலும்புதானே? ராயிக் களி கிண்டிப் போட்டா எலும்பு தானா ஊறிக்குது. எங்கூரு ஆளுங்க களி தின்னே தொண்ணூறு வயசு வரைக்கும் ஏரு ஓட்டுனவங்க.

மக்யா நாளே வக்கீலு தம்பிகிட்ட ஓடுனேன். நான் கையெழுத்துப் போடறேன் தம்பி, அவனுக்கு ஊசியப் போட்டு ஊட்டுக்கு உட்றச் சொல்லுன்னேன். அந்தத் தம்பி கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, அம்மா, நம்ம நாட்டுல அப்படி ஒரு சட்டமே இல்லீங்கன்னு சொல்லுச்சு. முன்னாடி ஒரு கமிட்டி போட்டு, பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து பேசி, வேண்டாம்னு எழுதிட்டாங்களாமா. அப்படியே நாளைக்குச் சட்டம் வந்தாலும் ஜெயிலுக்குப் பதிலா ஊசின்னு வராதுங்கம்மா, ஜெயிலோட சேத்துத்தான் ஊசியும் வரும்னுச்சு. எப்படி இருக்குது பாரு. இருவது வருசம் போடறதுக்குச் சட்டம் இருக்குதாமா, ஒரு ஊசி போடறதுக்குச் சட்டம் இல்லயாமா. காச்சக்காரன ரூமுக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சாக் காச்ச எறங்குமா? நீயே சொல்லு.

வக்கீலு இல்லைன்னா கலெக்டரு. நம்மூர்ல திங்கக்கெழமையானா கலெக்டராபீசுல மனு வாங்குவாங்கல்ல. ரோடு இல்ல, தண்ணி வர்ல, பட்டா மாறுலன்னு எல்லாத்துக்கும் குடுக்கறாங்க, இதுக்குக் குடுத்தா என்ன? போனேன். வாசல்ல மரத்தடியில மனு எழுதறவரு ஒருத்தரு இருந்தாரு. என்னன்னு எழுதறதும்மான்னாரு. சுத்தியும் ஆளுங்க. எங்கூருக்காரரே ரெண்டு பேரு பட்டாவுக்கு நின்னுக்கிட்டிருந்தாங்க. அப்பறம் காதோரமாக் குனிஞ்சு சொன்னேன். ஜெயிலுன்னு மட்டும் போட்றாதீங்க சாமி, கேசுன்னும் போட்றாதீங்க, மானம் போயிரும்னேன். அவரு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு எழுதுனாரு. "என் மகனுக்கு ஆண்களுக்குப் போடும் ஊசியை அரசு செலவில் போட உத்தரவிட வேண்டுமாய் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." படிச்சுக் காட்டுனாரு. நல்லாத்தான் இருந்துச்சு. ரேகை வெச்சுக் குடுத்தேன். கம்ப்யூட்டர்ல ஒரு சீட்டு அடிச்சுக் குடுத்தாங்க. அத சாமி படத்துக்கிட்ட வெச்சு நாளும் பூ வெச்சேன்.

இருவது நா கழிச்சு ஊட்டு வாசல்ல ஒரு நர்சம்மா வந்து நிக்கிது, கூட ஒரு ஆளு. கையில நெரப்பற காயிதம். லோகநாதன்ங்கறவரு இருக்கறாரான்னு கேட்டுச்சு. வந்துருச்சு, உத்தரவு வந்துருச்சுன்னு, சேரு எடுத்துப் போட்டேன், மோரு குடுத்தேன். அந்தப் புள்ள மோரக் குடிச்சுட்டு, எத்தன கொழந்தைங்கம்மா அவருக்குன்னுச்சு. ஒண்ணுதாங்கன்னேன். ஒண்ணோட நிறுத்திக்கலாம்னு இருக்கறாருங்களா, ஆம்பளைங்க தானா முன்வர்றது அபூர்வம்மா, ஆனா ஊசி கெடையாதுங்க, சின்ன ஆபரேசன், அரை மணி நேரத்துல ஊட்டுக்கு வந்துர்லாம்னுச்சு.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பிட்டானுங்க கண்ணு என்ற மனுவ!

பக்கத்து ஊட்டுக்காரி வேலியோரமா நின்னு காதத் தீட்டிக்கிட்டிருக்கறா. அவ சிரிச்சது இன்னும் என்ற காதுல இருக்குது. அவரு ஊர்ல இல்லீங்கன்னு சொல்லி அனுப்பிச்சு வெச்சேன். எப்ப வருவாருன்னு கேட்டுச்சு நர்சம்மா. பதினாறு வருசம் கழிச்சு வருவான்னா சொல்ல முடியும்? பொறவு போனுக்கு ஒரு செய்தி வந்துச்சு. எதுத்த ஊட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா. உங்கள் மனு மீது தீர்வு காணப்பட்டதுன்னு. தீந்து போச்சாமா. என்ற சீவன் தீர்றதுதான் பாக்கி.

மேனகாகிட்டப் போனேன். அவ அவனப் போலீசு புடிச்ச அன்னைக்கே பேத்தியக் கூட்டிக்கிட்டுத் தாராபுரம் போனவ, திரும்பவே இல்ல. வாசல்லயே நிக்க வெச்சுத்தான் பேசுனா. சாமி, ஊசி போட்டுச் சரி பண்ணிட்டா வந்து குடித்தனம் பண்ணுவயான்னு கேட்டேன். காங்கயம்னா உனக்கே தெரியுமே, எங்கூடெல்லாம் காளை மாட்டு ஊடு. எங்க ஊட்டுக்காரரு இருந்தப்பத் தொழுவத்துல எப்பவும் நாலு சோடி நிக்கும். மேனகா சொல்றா, "அத்தை, காயடிச்சா மாடு பசு மேல ஏறாதுங்க. ஆனா முட்டற மாடு முட்டத்தானுங்க செய்யும். மாமா காயடிச்ச மயிலை மாடுதானுங்களே அவரையே செவத்தோட வெச்சு முட்டுச்சு." சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டா. மாமியாகிட்ட மருமக பேசற பேச்சா இது? மனுசனையும் மாட்டையும் ஒண்ணா வெச்சுப் பேசறா. படிச்சவளாம்.

லோகு நல்லவன். அவங்கிட்ட இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்க வெச்சுப் போனுல சொன்னேன். டேய், இப்படி ஒரு ஊசி இருக்குதாமாடான்னேன். மொதல்ல கோவந்தான் வந்துச்சு அவனுக்கு. எனக்கென்ன சீக்கா, அந்தக் குடும்பம் எம்மேல வஞ்சம் வெச்சுப் பண்ணுனதுன்னான். நான் அழுதேன். அப்பறம், போட்டா நெசமாலுமே உட்ருவாங்களாம்மான்னான். உட்ருவாங்கடான்னேன். நிறுத்திட்டாத் திரும்பிப் பழையபடி ஆயிருமான்னு கேட்டான். ஆயிருமின்னு ஒரு டாக்டரம்மா சொல்லுச்சுன்னேன். அப்பப் போட்டுக்கறேம்மான்னு சிரிச்சான். மூணு வருசத்துல அன்னைக்குத்தான் கண்ணு அவன் சிரிச்சுப் பாத்தேன். சீக்கு இருக்கறவன் வைத்தியத்துக்கு ஒத்துக்கறது எத்தன பெரிய சங்கதி! இத எந்தச் சட்டம் பாக்குது?

ஊசி ஆகுலன்னதும் வக்கீலு தம்பி வேற வழி சொல்லுச்சு. உங்களுக்குக் கண்ணு ஆபரேசன் இருக்குதில்லீங்க, கூட இருந்து பாத்துக்க ஆளில்லைன்னு லீவு கேப்போம்னு. லோகுக்கு ஜெயில்லருந்து பத்து நா லீவு. அதுக்கு நன்னடத்தை ஆபீசருன்னு ஒருத்தங்க ஊருக்கு வந்து விசாரிச்சு எழுதோணுமாமா. சரின்னேன். ஊட்டுக்கு வெள்ளையடிச்சேன். அவன் ரூம்ல புதுசா பேனு மாட்டுனேன்.

ஆபீசரு வந்தது போன மாசம். சின்ன வயசுப் பொம்பள, முப்பது கூட இருக்காது. ஒரு சேருல உக்காந்து நோட்ட மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. ஊரு என்ன சொல்லுது, அந்தக் குடும்பம் இன்னும் இங்கதான் இருக்குதான்னு. அந்தத் தறிக்காரக் குடும்பம் அப்பவே ஊர உட்டுப் போயிருச்சுங்க, ஒரு பிரச்சனையும் இல்லீங்கன்னேன். இதுக்கு முன்னாடி இப்படி ஏதாவதுன்னு கேட்டுச்சு. ஒண்ணுமே இல்லீங் மேடம்னேன்.

அப்பத்தான் அவ வந்தா. என்ற கூடப் பொறந்தவ. பழனாத்தா. ரெண்டு தெரு தள்ளித்தான் குடுத்திருக்குது அவள. பதிமூணு வருசமா என்ற வாசப்படி மிதிக்காதவ, அன்னைக்கு வந்து நிக்கிறா. யாரு சொல்லியுட்டாங்களோ. இருக்குதுங்க, இதுக்கு முன்னாடியும் இருக்குதுங்கன்னா.

உன்கிட்ட மறச்சு என்ன ஆகப் போவுது. பதிமூணு வருசத்துக்கு முன்னால, அவ மக கோகிலவாணி பரிச்சை லீவுக்கு எங்கூட்டுல வந்து இருந்தா. பெரியம்மா பெரியம்மான்னு என்ற முந்தானையவே புடிச்சுக்கிட்டுத் திரியும் அந்தப் புள்ள. ஒரு நா சோறு திங்க மாட்டேன்னுருச்சு. என்னடீன்னா அழுவுது. அப்பறம் தெரிஞ்சுச்சு. நான் என்ன பண்றது? ஒரு கையில மகன், ஒரு கையில தங்கச்சி மக. புள்ளைக்குத் தண்ணி ஊத்தி உட்டேன். பழனாத்தாளையும் அதையும் எங்க பொறந்த ஊட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போயி, சூடம் பத்த வெச்சு, வெளிய சொல்றதில்லைன்னு அணைச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டேன். அந்தப் புள்ளையோட நல்லதுக்குத்தான். நாளைக்கு அதுக்குக் கல்யாணம் காச்சின்னு ஆகோணுமில்ல? அதே ஆவணியில லோகுக்கும் கால்கட்டப் போட்டுட்டேன். இதுக்கு மேல ஒரு பெத்தவ என்ன பண்ணுவா?

இப்ப அந்தப் புள்ள ஓசூர்ல ஏதோ கம்பெனியில இருக்குது. மூணு சம்மந்தம் வந்துச்சு, வேண்டாம்னுருச்சு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு என்னதான் வேணுமோ தெரியல.

பழனாத்தா எல்லாத்தையும் சொல்லிட்டா, ஆபீசரு நோட்டுல எழுதிக்கிச்சு. ஏன்டீ, சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனயே, சாமி உன்னையச் சும்மா உடுமான்னு கேட்டேன். "சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அன்னைக்கு நான் வாயத் தெறந்திருந்தா அந்தத் தறிக்காரன் புள்ளையாச்சும் தப்பிச்சிருக்கும். அதுக்கு நீ பதில் சொல்லுக்கா"ன்னுட்டுப் போயிட்டா. ஒரே வயித்துல பொறந்தவ! தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க.

ஆபீசரு நோட்ட மூடுல. கடேசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்மான்னுச்சு. உங்க பேத்தி இங்க வந்திருக்கறான்னு வெச்சுக்குங்க, உங்க மகனும் இருக்கறாரு. ரெண்டு பேரையும் ஊட்டுல உட்டுப் போட்டு ஒரு மணி நேரம் சந்தைக்குப் போயிட்டு வருவீங்களா?

தாரணி மூஞ்சி என்ற கண்ணு முன்னால வந்துருச்சு அம்மிணி. அந்த ஆபீசரு அப்படித் திடுக்குனு கேட்டா ஆரா இருந்தாலும் என்ன சொல்லுவாங்க? வாயில வந்தத சொல்லிட்டேன். "அதுக்குத்தானுங் மேடம் ஊசி கேக்கறேன்"னு.

அத அப்படியே எழுதிக்கிச்சு அந்தப் புள்ள. ஒரு எழுத்து உடாம. படிச்சுக் காட்டி என்ற கிட்டயே ரேகையும் வாங்கிக்கிச்சு. போன வாரம் வக்கீலு தம்பி கூப்புட்டுச் சொல்லுச்சு, லீவு இல்லைன்னுட்டாங்களாமா. இனி அடுத்தாப்புல கேட்டாலும் இந்தக் காயிதந்தான் முன்னால நிக்குமாமா. பழனாத்தா சொன்னதக் கூட ஊட்டுப் பகைன்னு சமாளிச்சிருப்பேன்மா, நீங்க சொன்னத நான் என்னன்னு சொல்றதுன்னு கேக்குது. அந்த ஆபீசருக்கு என்ன, எழுதிட்டுப் போயிருச்சு. பெத்தவ பதறிப் போயி ஒரு வார்த்த சொன்னா அத எழுதோணுமா? ஈரம் இருக்கற பொம்பளையா இருந்தா அத உட்டுப் போட்டு எழுதியிருக்கும்.

அவனுக்கு இன்னும் தெரியாது. இன்னைக்குத்தான் சொல்லோணும். பேனு மாட்டுனயாம்மான்னுதான் மொதல்ல கேப்பான். அப்பறம் யாரும்மா எழுதிக் குடுத்து இப்படிப் பண்ணுனதுன்னு கேப்பான். நான் சொன்னதுதான்டா எழுதியிருக்குதுன்னு அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு எப்படிக் கண்ணு சொல்லுவேன்? அவனுக்குன்னு இந்த ஒலகத்துல நான் ஒருத்திதான். அதுவும் இல்லைன்னு ஆயிரும்.

உன்ற சித்திதான்டா பண்ணுனான்னு சொல்லிரலாம்னு இருக்கறேன். அவளும் அந்தப் புள்ளையும் தாங்கிக்குவாங்க. அவங்களுக்குப் பழக்கந்தானே.